மஞ்சள் கயிற்றில் கோத்த மெடல்

கண்ணு,

நீ உன் கூட்டாளி ராசுவிடம் கொடுத்தனுப்பிய சீட்டு காலையில் வந்து சேர்ந்தது. சிகரெட் அட்டையின் உட்பக்கத்தில் பென்சிலால் நான்கு வரி. தங்கச்சி பூங்கொடியை ஒரே ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு அம்மா, அந்த சார் தப்பாக நடந்தான் என்று அவள் சொல்லிவிட்டால் கேஸ் நிற்காது, அவர்களே சமாதானத்துக்கு வருவார்கள் என்று வக்கீல் சொல்கிறார், என்று எழுதியிருக்கிறாய். அம்மா சாப்பிட்டாயா, தங்கச்சி எப்படி இருக்கிறாள் என்று ஒரு எழுத்து இல்லை. போகட்டும். நானும் உன் நலம் விசாரித்து எழுத உட்காரவில்லை. பதில் வாங்கிப் போக ராசு சாயங்காலம் வருவான். இது நீளமான பதில். கோபம் வந்தால் கிழித்துப் போடு, ஆனால் கடைசி வரை படித்துவிட்டுக் கிழி.

போன செவ்வாய்க்கிழமை பஸ் ஸ்டாப்பில் நடந்ததை நான் பார்த்தேன். பூங்கொடியைக் கூட்டிவர அங்கேதான் நின்றிருந்தேன். ஓட்டப் பயிற்சி முடிய நேரமாகி பஸ் போய்விட்டதால் அவளுடைய கோச், அந்த சார், அவளைத் தன் ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கினார். என்னைப் பார்த்துக் கும்பிடு போட்டார். கஞ்சிக்கோட்டில் உன்னோடு கம்பெனியில் வேலை செய்கிற இரண்டு பேருடன் நீ டீக்கடைப் பக்கமிருந்து வந்தாய். உன் கையில் சைக்கிள் செயின். ஒரு வார்த்தை கேட்கவில்லை நீ. முதல் அடி தாடையில் விழுந்தது, தேங்காய் உடைபடும் சத்தம் கேட்டது. இரண்டாவது அடி முகத்தை மறைத்த கையில். மூன்றாவது எங்கே விழுந்தது என்று தெரியவில்லை, அதற்குள் அவர் கீழே விழுந்துவிட்டார். விழுந்தவரை மிதித்தாய். காலைக் கட்டிக்கொண்டு கத்திய உன் தங்கச்சியையும் உதறித் தள்ளினாய். அவளுடைய முழங்கையில் இன்னும் தோல் வரவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "நம்ம மானத்துக்குத்தாம்மா" என்றாய். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு உன் அப்பாவின் குரல் கேட்டது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன் அம்மா ஓட்டக்காரி. சிரிக்காதே. ரேஷன் கடைக்குப் போய் வருவதற்குள் இப்போது மூச்சு வாங்குகிறவள்தான். ஆனால் பதினைந்து வயதில், இருநூற்றிருபது கஜம் ஓட்டத்தில் என்னை முந்த நம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் ஒருத்தி கிடையாது. இது கேரளம் என்று ஆவதற்கு ஒரு வருடம் முந்திய கதை. நம் ஊர் முதலமடை அப்போது மதராஸ் ராஜ்யத்தில் இருந்தது. ஒரு பெண்ணை ஹைஸ்கூலுக்கு அனுப்பியதற்கே நம் சனம் உன் தாத்தாவைக் கேலி செய்தது. நான் ஓடுகிறேன் என்று தெரிந்திருந்தால் அன்றைக்கே படிப்பு நின்றிருக்கும். அதனால் வீட்டில் சொல்லவில்லை. டிரில் இருக்கிறது, அதனால் தாமதம் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். பொய் சொல்ல எனக்கு அப்போதே நன்றாக வரும்.

எங்களுக்கு டிரில் மாஸ்டர் ஞானமுத்து என்று ஒருவர். நீங்கள் இன்று கோச் என்கிறீர்களே, அந்த வேலை. சக்குபள்ளத்தில் ஏலக்காய் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். திருநெல்வேலிப் பூர்வீகம், வேதக்காரர், கிறிஸ்தவர். பட்டாளத்தில் இருந்து, சண்டை முடிந்து திரும்பி, டிரில் மாஸ்டராக எங்கள் ஊருக்கு வந்திருந்தார். ஆள் குள்ளம். இரண்டு காலும் வெளிப்பக்கம் வளைந்திருக்கும், நடுவில் ஒரு பூசணிக்காய் உருண்டு போகலாம். இந்தக் காலை வைத்துக்கொண்டு பட்டாளத்தில் எப்படிக் கோப்பை வாங்கினார் என்று நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். ஒருநாள் பெரிய பையன்கள் நான்கு பேரைப் பந்தயத்துக்குக் கூப்பிட்டு ஓடிக் காட்டினார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அந்தக் காலத்தில் அடிக்காத வாத்தியார் கிடையாது. கணக்கு வாத்தியார் அறைந்து ஒரு பையனுக்குக் காதில் ரத்தம் வந்தது. அவனுடைய அப்பா மறுநாள் வந்து, "தோலை உரிச்சுப் போடுங்க, கண்ணெ மட்டும் உட்டுடுங்க சாமி" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். ஞானமுத்து மாஸ்டர் மட்டும் கை நீட்ட மாட்டார். வாய்க்குக் குறைவில்லை. "ஏ மூதேவி, ஓடுதியா, பந்திக்கு நடக்கியா?" என்று மைதானம் அதிரக் கத்துவார். நீங்கள் ஏன் சார் அடிக்க மாட்டீர்கள் என்று நான் ஒருநாள் கேட்டேன். "பட்டாளத்துல வயிறு நெறைய அடிச்சாச்சு பிள்ள. அதுல ஒரு மயித்துக்கும் பிரயோசனம் இல்ல" என்றார். பிறகு, பெண்பிள்ளையிடம் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவரிடம் நான் கற்றதைப் பூங்கொடிக்குக் கூட இதுவரை சொன்னதில்லை. புறப்படும் இடத்தில் கால் விரல் பதிக்க அவரே கொத்துக்கரண்டியால் இரண்டு குழி தோண்டுவார். ஒவ்வொரு பிள்ளைக்கும் குழியின் தூரம் வேறு, அத்தனையும் அவருக்கு மனப்பாடம். காலுக்கு வலு வர ஆற்று மணலில் ஓடவிடுவார். பாவாடை காலைத் தட்டுகிறது என்று தையற்காரரிடம் சொல்லி முழங்கால் வரை பாவாடையும் உள்ளே பைஜாமாவும் தைத்துக் கொடுத்தார். அளவெடுக்கக்கூடத் தன் மனைவியைத்தான் வைத்து எடுத்தார். முடிவுக் கயிற்றைப் பற்றி அவர் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது. "கயித்தப் பாக்காத. அதுக்கு அந்தால பத்தடில ஒருத்தன் நிக்கான்னு நெனச்சுக்க. அவன நெஞ்சால முட்டித் தள்ளு." நான் யாரை நினைத்துக்கொள்வேன் தெரியுமா? என் அண்ணனை. உன் மாமாதான். தண்ணீர் கொண்டுவரப் பிந்தினால் செம்பை எடுத்து எறிகிறவன் அவன்.

பாலக்காட்டுக் கோட்டை மைதானத்தில் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் சேர்த்துப் பந்தயம் நடந்தது. பரீட்சை என்று வீட்டில் சொல்லிவிட்டு மாஸ்டரோடும் மற்றப் பிள்ளைகளோடும் ரயிலில் போனேன். பெண்கள் ஓட்டம் கடைசியில்தான். நான் ஜெயித்தேன். அதை விவரமாக எழுத ஆசைதான், ஆனால் உனக்கு அது இப்போது வேண்டியதில்லை. பரிசு கொடுக்க வந்திருந்த அதிகாரி அதற்குள் மோட்டாரில் ஏறிப் போய்விட்டார். மிச்சமிருக்கிற மெடல்களை அந்தந்த மாஸ்டர்களே போட்டுவிடுங்கள் என்றார்கள். மெடல் இருந்தது, கோக்க நாடா இல்லை. ஆண்பிள்ளைகளுக்கே தீர்ந்துவிட்டது. மாஸ்டர் ஆளை அனுப்பிக் கடையில் கிடைத்ததை வாங்கிவரச் சொன்னார். அவன் மஞ்சள் நூல் வாங்கி வந்தான். மாஸ்டர் அதை நான்கு இழையாக்கி, தொடையில் வைத்துத் திரித்து, மெடலைக் கோத்தார். அவருக்கு அது நூல். வேறொன்றும் அவருக்குத் தோன்றவில்லை. அத்தனை பேருக்கும் நடுவில் என்னைக் கூப்பிட்டார். நான் போய்க் குனிந்தேன். அவர் அதை என் கழுத்தில் போட்டு, நீளம் அதிகம் என்று பிடரியில் ஒரு முடிச்சும் போட்டார்.

மஞ்சள் கயிற்றில் ஒரு வட்டத் தகடு. அதை ஒரு ஆண்பிள்ளை, வயதுக்கு வந்த பெண்ணின் கழுத்தில், சபை நடுவில் முடிகிறான். நம் சனத்துக்கு அது என்னவாகத் தெரியும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கயிறு கட்டி நிறுத்தியிருந்த கூட்டத்திலிருந்து ஒருவன், "அட, வாத்தியாரு முடிச்சுப் போட்டுட்டாருடோய்!" என்று கத்தினான். இன்னொருவன் வாயைக் குவித்து நாதஸ்வரம் வாசித்தான். "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று நான்கைந்து பேர் தொடையில் தட்டினார்கள். மைதானமே சிரித்தது. மாஸ்டருக்குப் புரியவில்லை. எனக்குத்தான் கைதட்டுகிறார்கள் என்று அவரும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். எனக்குப் புரிந்தது. புரிந்தும் நான் சிரித்தேன். ஜெயித்த மப்பு. அந்தச் சிரிப்பை இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாலக்காட்டு மண்டிக்குக் கடலை மூட்டை ஏற்றி வந்திருந்த என் அண்ணனும், நான் பிறந்த அன்றைக்கே எனக்கென்று பேசி வைத்திருந்த என் மாமன் மகனும். அந்த மாமன் மகன்தான் உன் அப்பா.

மைதானத்திலிருந்து என்னைச் சடையைப் பிடித்து இழுத்துப் போனார்கள். மாஸ்டர் அப்போது வேறொரு பிள்ளையின் பேரைக் கொடுக்க மேஜைப் பக்கம் போயிருந்தார், பார்க்கவில்லை. வண்டியை ஆளிடம் விட்டுவிட்டு ரயிலில் வந்தோம்.   வீட்டுக்குள் நுழைந்ததும் உன் தாத்தா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். அண்ணன் மாட்டுச் சாட்டையை எடுத்தான்.

"எதுக்குடி குனிஞ்சே?"

"மெடலுங்கண்ணா."

சாட்டை தோளிலிருந்து இடுப்பு வரை இறங்கியது.

"கழுத்தெ நீட்டுனியல்ல? இளிச்சியல்ல? எதுக்கு இளிச்சே?"

பதில் சொல்லச் சொல்ல அடி. சொல்லாவிட்டாலும் அடி. முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டது. என் அம்மா மூலையில் நின்று, "சொல்லீரு சாமி, எதாச்சும் சொல்லீரு" என்று அழுதாள். உன் அப்பா தூணில் சாய்ந்து நின்றிருந்தார். அவருடைய கை அன்றைக்கு என் மேல் படவில்லை. கடைசியில் உன் தாத்தா வாயைத் திறந்தார். ரொம்ப அமைதியாகத்தான் கேட்டார்.

"அந்த வாத்தியான் உன்ரகிட்டத் தப்பா நடந்தானா? அவன் மேல தப்புன்னா சொல்லு, அவனெ நாங்க பாத்துக்கறோம். உன்ர மேல தப்புன்னா, பொறவால கெணறு இருக்குது."

நான் யோசிக்கவில்லை என்று உன்னிடம் சொல்ல ஆசை. யோசித்தேன் கண்ணு. அந்தக் கிணற்றில் எங்கே படி உடைந்திருக்கிறது, தண்ணீர் எவ்வளவு கீழே கிடக்கிறது என்பது வரை யோசித்தேன். பிறகு, "ஆமாங்க. பயமுறுத்துனாருங்க. அதுதான் குனிஞ்சனுங்க" என்றேன். ஓங்கிய சாட்டை அப்படியே நின்றது. அம்மா ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். மஞ்சளும் எண்ணெயும் குழைத்து முதுகில் தடவினார்கள், வெந்நீர் வைத்துக் கொடுத்தார்கள், அண்ணனே ஒரு டம்ளர் பால் கொண்டுவந்து நீட்டினான். அடி நின்றது எனக்கு எவ்வளவு சுகமாக இருந்தது என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். அந்தச் சுகத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு என் மேல் அருவருப்பாக இருக்கிறது.

மறுநாள் விடிந்ததும் வண்டி கட்டினார்கள். இவளும் வந்து பார்க்கட்டும் என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். மாஸ்டர் பள்ளிக்கூட மைதானத்தில் இருந்தார். ஓட்டை போட்ட டின்னில் சுண்ணாம்புப் பொடியை வைத்துக் குனிந்து கோடு போட்டுக்கொண்டிருந்தார். வண்டியைப் பார்த்ததும் நிமிர்ந்து முகமெல்லாம் சிரித்தார். பெண் ஜெயித்த சந்தோஷத்தில் வீட்டார் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். "வாங்க வாங்க, பிள்ளைக்க அண்ணன்மாரா? நல்ல பிள்ளய வளத்திருக்கீய" என்று சொல்லி, சுண்ணாம்புக் கையை டவுசரில் துடைத்துக்கொண்டு கும்பிட்டார். கும்பிட்ட கை இறங்குவதற்குள் அண்ணன் டின்னைப் பிடுங்கிப் பொடியை அவர் கண்ணில் வீசினான்.

உன் அப்பா வண்டியிலிருந்து ஒரு முளைக்குச்சியைப் பிடுங்கினார். மூட்டை சரியாமல் இருக்க வண்டியின் பக்கவாட்டில் நட்டிருப்பார்களே, கை மொத்தத்தில், அதுதான். "ஓட வெப்பியா?" என்று கேட்டு வலது முழங்காலில் அடித்தார். மாஸ்டர் உட்கார்ந்துவிட்டார். "ஓட வெப்பியாடா? பொம்பளப் புள்ளைய ஓட வெப்பியா?" ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு அடி, எல்லா அடியும் அதே முழங்காலில். இடது காலைத் தொடவே இல்லை. முழங்கால் சிரட்டை நொறுங்கும் சத்தம் கேட்டது, அதன் பிறகு சத்தம் வேறு மாதிரி, ஈரத் துணியை அடித்துத் துவைக்கிற மாதிரி ஆனது. அண்ணன் அவர் தலைமுடியைப் பிடித்து முகத்தைத் தரையில் தேய்த்தான். வெள்ளைக் கோடு சிவந்து சேறாகிவிட்டது. பட்டாளத்து ஆள் அவர், கண் தெரிந்திருந்தால் இரண்டு பேரையும் தூக்கி எறிந்திருப்பார். கண்ணைத் திறக்க முடியாமல் கையை மட்டும் காற்றில் துழாவி, "யாருய்யா? என்னத்துக்குய்யா?" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தப் பிள்ளய அங்கன நிக்க விடாதீய. அது பாக்காண்டாம்" என்றார்.

நான் மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பொய்யுங்க, நான் சொன்னது பொய்யுங்க என்று சொல்லியிருந்தால் போதும். அடி என் பக்கம் திரும்பியிருக்கும், ஒருவேளை கிணறும் வந்திருக்கும், ஆனால் அவருக்கு முழங்கால் மிஞ்சியிருக்கும். நான் வாயைத் திறக்கவில்லை.

போலீஸ் வந்தது. அண்ணனையும் உன் அப்பாவையும் தேடி வந்த போலீஸ், என் பேச்சைக் கேட்டுவிட்டு மாஸ்டர் படுத்திருந்த ஆஸ்பத்திரிக்குப் போனது. ஏட்டு கேட்கக் கேட்க நான் சொன்னேன். இரண்டாம் தடவை சொல்லும்போது பொய்க்குத் திக்கல் இல்லை, நானே சிலதைச் சேர்த்தும் சொன்னேன். அடியில் என் கையெழுத்தை அழகாகப் போட்டேன். மாஸ்டருக்கு வேலை போயிற்று. நெருப்பில்லாமல் புகையுமா என்று ஊரே பேசியது. அவரிடம் ஓடிப் பழகிய பிள்ளைகளின் அம்மாக்கள்கூட அவர் பெயரைச் சொல்லித் துப்பினார்கள். என் அண்ணன் மேலும் உன் அப்பா மேலும் கேஸ் நிற்கவில்லை. உன் வக்கீல் சொல்வது சரிதான், இது நல்ல வழி, பலிக்கிற வழி. பலித்ததைக் கண்ணால் பார்த்தவள் சொல்கிறேன்.

அடுத்த மாதமே எனக்குக் கல்யாணம். உன் அப்பா தாலி கட்டும்போது அன்றைக்கும் குனிந்தேன். எதற்குக் குனிந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. உன் அப்பா இருபத்தைந்து வருடத்தில் ஒருநாள்கூட என்னை அடித்ததில்லை என்று அவர் சாவு வீட்டில் எல்லோரும் சொல்லிச் சொல்லி அழுதார்கள். உண்மைதான், அடித்ததில்லை. சோற்றில் உப்புக் குறைந்தால் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கையை முழங்காலில் வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பார். அவ்வளவு போதும் எனக்கு. அந்தக் கை எப்படி வேலை செய்யும் என்று எனக்குத் தெரியும்.

என் தப்புகளைச் சொல்கிறேன் என்றால் உன் விஷயத்தில் செய்ததையும் சொல்ல வேண்டும். உனக்குப் பன்னிரண்டு வயதில், பம்பரச் சண்டையில் மேட்டுத் தெருப் பையனைக் கிரிக்கெட் கட்டையால் அடித்தாய். அவனுடைய அம்மா விழுந்த பல்லை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நம் வாசலில் வந்து நின்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உன்ர பையன் என்ன பண்ணுனானோ, ரெண்டு கை தட்டாம ஓசை வருமா?" என்று கேட்டு அனுப்பினேன். உள்ளே வந்து உனக்குப் பணியாரம் சுட்டுக் கொடுத்தேன். ஆம்பளைப் பையன் கொஞ்சம் துடிப்பாகத்தான் இருப்பான் என்று பெருமையாகக்கூட இருந்தது. செவ்வாய்க்கிழமை உன் கையில் இருந்த செயினில் ஒரு கண்ணியை நான் கோத்திருக்கிறேன். அதை மறுக்க மாட்டேன்.

எட்டு வருடத்துக்கு முன்பு பழனிக்குப் போகிறேன் என்று சொல்லி மூன்று நாள் போயிருந்தேனே, நினைவிருக்கிறதா? நான் பழனிக்குப் போகவில்லை. கம்பம், குமுளி வழியாகச் சக்குபள்ளம் போனேன். விசாரித்து விசாரித்து எஸ்டேட் லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில், மாஸ்டர் வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலில் ஒரு அம்மா முறத்தில் ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு அளவெடுத்த அதே அம்மா. மாஸ்டர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. எந்தப் பள்ளிக்கூடமும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. மடங்காத காலோடு மலை ஏறிக் காய் எடுக்க முடியாது, அதனால் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளுகிற வேலையில்தான் கடைசி வரை இருந்திருக்கிறார். நான் யார் என்று சொன்னேன். அந்த அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"அவரு சாகுற வர உன்னய ஒரு கொற சொல்லல. பாவம், அந்தப் பிள்ளய அடிச்சுக் கேட்டிருப்பாவ, அதான் சொல்லிட்டுன்னுதான் சொல்லுவாரு" என்றாள். எழுந்து என் முன்னால் வந்து நின்றாள். "எனக்கு அப்பிடிச் சொல்ல வரல" என்று சொல்லி ஓங்கி ஒரு அறை விட்டாள். என் காதுக் கம்மல் தெறித்து விழுந்தது. அதை அவளே குனிந்து எடுத்து என் கையில் வைத்து, "போ" என்றாள். லயத்துச் சனமெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றது. நான் இறங்கி வந்தேன். எனக்கு அந்த மலையில் வேறு என்ன கிடைக்கும்? இன்னும் நான்கு அறைந்திருந்தாலும் நின்று வாங்கியிருப்பேன்.

இப்போது உன் தங்கச்சி. உன் சீட்டை அவளுக்குப் படித்துக் காட்டினேன். அதற்கு முன்பே, செவ்வாய்க்கிழமை ராத்திரியே, தனியாக உட்கார வைத்து, நீ என்ன சொன்னாலும் உன் மேல் ஒரு கை விழாது என்று சத்தியம் செய்து கொடுத்துவிட்டுக் கேட்டேன். எனக்கு அப்படி யாரும் கேட்கவில்லை. ஒன்றுமில்லை அம்மா, பெற்ற மகளைக் கூப்பிடுகிற மாதிரி மோளே என்றுதான் கூப்பிடுவார், அவருக்கே என் வயசில் ஒரு பெண் இருக்கிறது என்றாள். அவர் அப்படி நடந்தவர் என்று அவள் சொல்லியிருந்தால் அரிவாளை எடுத்துக்கொண்டு முதலில் கிளம்பியிருப்பவள் நான், அதையும் தெரிந்துகொள். உன் சீட்டைக் கேட்டதும் அவள் அதை என் கையிலிருந்து வாங்கித் தானும் ஒருமுறை படித்தாள். பிறகு, "அண்ணன உள்ள போட்டுருவாங்களாம்மா? அப்ப நான் சொல்லீர்றேன்" என்றாள். உனக்காகச் சொல்லத் தயாராகிவிட்டாள் கண்ணு. ஒரு அடியும் விழாமல், பாசத்தினாலேயே.  உனக்கு எழுதிய இத்தனையையும் அவளிடம் வாயால் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அந்த மாஸ்டருக்குக் கால் சரியாச்சாம்மா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன்.

அந்த சாருக்குத் தாடையில் கம்பி போட்டிருக்கிறார்கள். பேச முடியாது, கஞ்சியைக் குழாயில் உறிஞ்சுகிறார். அவருக்காகப் பேச ஆள் வேண்டும். மத்தியானம் நான் ஸ்டேஷனுக்குப் போனேன். பூங்கொடியைக் கூட்டிப் போகவில்லை, பார்த்தவள் நான் இருக்கிறேன். செயின் யார் கையில் இருந்தது, எத்தனை அடி, எங்கே விழுந்தது, யார் மிதித்தது, எல்லாம் சொன்னேன். பெற்ற தாய்தானா நீங்கள் என்று இன்ஸ்பெக்டர் மலையாளத்தில் இரண்டு தடவை கேட்டார். ஆமாம் என்று இரண்டு தடவை சொன்னேன். எழுதி வாசித்துக் காட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன், முப்பது வருடத்துக்கு முன்பு போட்ட மாதிரி அழகாக வரவில்லை. என் மகனை அடிக்காதீர்கள் என்று இன்ஸ்பெக்டரின் காலைத் தொடப் போனேன். அடிக்க மாட்டோம் அம்மா என்றார். நான் நம்பவில்லை.

நீ என்னை வெறுப்பாய். பெற்ற தாயே காட்டிக்கொடுத்தாள் என்று ஊர் பேசும், உன் மாமா என் வாசல் மிதிக்க மாட்டார். பூங்கொடி ஒரு வாரமாக ஓடப் போகவில்லை, இனிப் போவாளோ தெரியாது. எனக்கு உன் மேல் பாசம் இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதே. நீ பிறந்த அன்று உன் உள்ளங்கையை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அந்தக் கையால் ஒருத்தன் நொண்டியாகவோ ஊமையாகவோ ஆகி, அதை ஒரு பெண்ணின் பொய்யால் துடைத்துக்கொண்டு நீ கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, நல்லவன் என்று பெயர் எடுத்துச் சாவதை என்னால் இன்னொரு தடவை பார்க்க முடியாது.

விடியற்காலை முதல் பஸ்ஸில் வா. குளித்துச் சாப்பிடு, உனக்குப் பிடித்த கொள்ளுப் பருப்பு கடைந்து வைக்கிறேன். பிறகு இரண்டு பேரும் ஸ்டேஷனுக்கு நடந்து போவோம். அங்கே எவனாவது உன் மேல் கை ஓங்கினால் நடுவில் நான் நிற்பேன். வர மனமில்லை என்றால், போலீஸ் காலையில்தான் புறப்படும், இந்த ராத்திரி உனக்கு இருக்கிறது, எங்கே வேண்டுமானாலும் போகலாம், அது தெரிந்துதான் இதை ராசுவிடம் கொடுக்கிறேன். ஆனால் இப்போது ஒளிந்திருக்கிற அந்த வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று நினைக்காதே. உன் மகன் எங்கே இருக்கிறான் என்று கேட்டார்கள். சொல்லிவிட்டேன்.

உன் அம்மா